சலவைப் பொறியும் கைத்தறியும்

“முதல் சலவையிலேயே சாயம் போய்விட்டது” என்னும் முறையீட்டைச் சங்க விற்பனை நிலையங்களில் நாம் அடிக்கடி கேட்கிறோம். பழி நெசவாளரையே சார்கிறது. 1960-களில் அமெரிக்காவில் விற்பனையான மதராஸ் கட்டத் துணி சாயம் கசியும் இயல்பினது. வணிகர் அதனை முன்னரே விளம்பரப்படுத்தியதால், குறையே சிறப்பாயிற்று. ஆகவே, சலவைப் பொறி வைத்திருப்போருக்கு அங்கத்தினர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை இவை:

புதுத் துணியை முதல் சில முறை தனியாகக் குளிர்ந்த நீரில் துவைக்க வேண்டும். வெள்ளையுடன் சாயத் துணியைக் கலக்கலாகாது. கொக்கிகளை மாட்டி, உட்புறம் வெளியே வருமாறு திருப்பி இடுக. பொறியில் துணியைத் திணிக்காமல், மென்மையான சுழற்சியில் ஓட்டுக. சரிகைப் பட்டுச் சேலையைப் பொறியில் இடவே கூடாது.

இவற்றைச் சீட்டில் அச்சிட்டு ஒவ்வொரு துணியுடனும் வைக்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம். சொல்லி விற்ற துணி திரும்பி வராது.