கோடியக்கரைப் பறவைகளுக்கும் காவிரியில் பங்கு உண்டு

காவிரியில் வெள்ளம் வரும் ஆண்டுகளில் ஒரு சொற்றொடர் தவறாமல் செய்திகளில் இடம்பெறும்: ‘வீணாகக் கடலில் கலக்கும் நீர்’. கொள்ளிடம் கரைபுரண்டு ஓடும்போது, வறண்டு கிடக்கும் ஏரிகளை நினைத்து மனம் வருந்துவது இயல்பு. அந்த வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஆனால், கடலைச் சேரும் ஒவ்வொரு துளியும் வீண் என்ற எண்ணம் சரியானதா? கடைமடை வயல்களையும் தாண்டி, முத்துப்பேட்டையிலிருந்து கோடியக்கரை வரை பரந்திருக்கும் உவர்நீர்ச் சதுப்பை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள்.

கோடியக்கரை சரணாலயம் 1967இல் முதன்மையாக வெளிமான்களுக்காக அறிவிக்கப்பட்டது. அந்தச் சரணாலயம், வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு ஆகியவை சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு 2002இல் ராம்சர் தலமானது. 2022 வரை தமிழ்நாட்டில் இந்த ஒரு தலம் மட்டுமே இருந்தது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு போன்ற காவிரியின் கடைசிக் கிளைகள் இங்கேதான் கடலோடு கலக்கின்றன. பூநாரைகளைப் பார்க்கவே பெரும்பாலானோர் வருகிறார்கள். உண்மையில், இந்தச் சதுப்பின் நலத்தைக் காட்டும் அளவுகோல் அந்த அழகிய பறவைகள் அல்ல. யாரும் படம்பிடிக்க மெனக்கெடாத, பழுப்பு நிறச் சிறு உள்ளான்களே.

கொசு உள்ளானின் எடை ஏறக்குறைய 25 கிராம். வளைமூக்கு உள்ளான் அதைவிடச் சற்றுப் பெரியது. இவை கோடையில் சைபீரியாவின் வடகோடியில் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்தில் இங்கு வருகின்றன. நீந்தி இரைதேடும் பறவைகள் அல்ல இவை. ஈரச் சேற்றில் நடந்து, அலகை நுழைத்து, புழுக்களையும் சிறு கணுக்காலிகளையும் நத்தைகளையும் எடுத்து உண்பவை. கால் எட்டும் ஆழம்தான் அவற்றின் உணவு எல்லை. நான்கு விரற்கடை நீர் கூடினால் கொசு உள்ளானுக்கு அந்த இடம் இல்லை என்றாகிவிடுகிறது. நீர் முற்றிலும் வற்றிச் சேறு இறுகிவிட்டாலோ அலகு இறங்காது.

நம் கடற்கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. எனவே, இங்கு ஓதம் மட்டுமல்லாமல் காற்றின் திசையும் ஆற்றுநீரின் வரத்தும் சேர்ந்துதான் சேறு எப்போது வெளிப்படும், எவ்வளவு நேரம் வெளிப்பட்டிருக்கும் என்பதை முடிவுசெய்கின்றன. நீர் ஏறி நிற்கும் வேளையில் பறவைகளுக்கு வேறொன்று வேண்டும்: நனையாத, தொந்தரவு இல்லாத, நாய்கள் நெருங்காத ஒரு திட்டு. இரைதேடும் இடமும் ஓய்வெடுக்கும் இடமும் அருகருகே இருந்தால்தான் சேர்த்த கொழுப்பு பயணத்துக்கு மிஞ்சும். இரண்டில் ஒன்று கெட்டாலும் மற்றொன்றால் பயனில்லை.

சேற்றில் உயிர்கள் பெருகுவதற்கு நன்னீர் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிளையாறுகள் கொண்டுவரும் நீர், வண்டல், மட்கு ஆகியவை கடல்நீரோடு கலந்து உவர்ப்பை மட்டுப்படுத்துகின்றன. மழை ஓய்ந்து ஆறுகளும் நின்றுவிட்டால், வெயிலில் நீர் ஆவியாகி, சதுப்பின் சில பகுதிகளில் உப்பு கடல்நீரைவிடவும் மிகுந்துவிடுகிறது. அந்த உப்பைத் தாங்கி வாழும் சிற்றுயிர்கள் வெகு சிலவே. 1934இல் மேட்டூர் அணை கட்டப்பட்ட பின்பு வண்டலின் பெரும்பங்கு அணையிலேயே தங்கிவிடுகிறது. இறால் குஞ்சுகள் வளர்வதும் இதே கலப்பு நீரில்தான் என்பதால், முத்துப்பேட்டை மீனவரின் வலையும் உள்ளானின் அலகும் ஒரே கணக்கைச் சார்ந்திருக்கின்றன. பறவைக்காகக் கேட்கும் நீர் மனிதரிடமிருந்து பறிக்கும் நீர் என்று வாதிடுவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்ந்துவருகின்றனர். ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் வந்த கரைப்பறவைகள் பெரிதும் குறைந்துவிட்டதை அவர்களின் பதிவுகள் காட்டுகின்றன. 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வளைமூக்கு உள்ளானை அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் வரிசைக்கு மாற்றியது. ஆக, இழப்பு உலகெங்கும் நிகழ்வதுதான். இங்கு மட்டும் நிகழ்வதல்ல.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு சமாதானம் சொல்லப்படும்: ‘பறவைகளுக்குச் சிறகு இருக்கிறது, வேறு இடம் போய்விடும்’. இதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு தென்கொரியாவில் கிட்டியது. அந்நாட்டின் மேற்குக் கரையில் மாங்யோங், தோங்ஜின் ஆறுகளின் கழிமுகமான சேமங்கமில் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் எழுப்பப்பட்டு, 2006 ஏப்ரலில் அதன் கடைசி இடைவெளியும் மூடப்பட்டது. சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்பு, இயல்பான ஓதத்தை இழந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் சைபீரியாவுக்கும் இடையே பறக்கும் ‘கிரேட் நாட்’ என்னும் பெரிய உள்ளான்களின் முக்கியத் தங்குமிடம் அது. 2006 முதல் 2008 வரை நடந்த கணக்கெடுப்பில் அங்கு அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 90,000 குறைந்திருந்தது. அருகிலிருந்த மற்ற கழிமுகங்களில் அதற்கு ஈடான உயர்வு இல்லை. ஆஸ்திரேலியக் கரைகளிலும் அவை குறைந்தன. 2015இல் அந்த இனம் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. காரணம் எளிது: ‘வேறு இடம்’ என்பது காலியாக இருப்பதில்லை. அங்கு ஏற்கெனவே வேறு பறவைகள், அந்தச் சேறு தாங்கும் அளவுக்கு இரைதேடிக்கொண்டிருக்கின்றன.

கோடியக்கரையில் யாரும் 33 கிலோமீட்டர் சுவர் கட்டவில்லை. இங்கு நிகழ்வது மெதுவானது. அதனாலேயே கண்ணுக்குப் படாதது. உப்பளங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றைப் பறவைகளின் எதிரி என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. கடல்நீரை முதலில் தேக்கும் ஆழமற்ற பாத்திகளில் இரை கிடைக்கிறது. வரப்புகளில் பறவைகள் ஓய்வெடுக்கின்றன. ஆனால், பாத்திகளில் நீர் உயர்ந்தாலோ, உப்பின் செறிவு ஏறினாலோ அந்தப் பயன் போய்விடும். எந்தப் பாத்தியில் எந்த மாதம் எத்தனை அங்குலம் நீர் நிற்க வேண்டும் என்பதில் உப்பு உற்பத்தியாளர்களோடு உடன்பாடு காண்பது, இன்னொரு வேலி போடுவதைவிடப் பயன்தரும் என்பது என் கருத்து.

அலையாத்தி நடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கஜா புயல் 2018 நவம்பரில் இக்கரையைச் சூறையாடிய பின்பும், 2023இல் ஒன்றிய அரசின் ‘மிஷ்டி’ திட்டம் வந்த பின்பும் கடலோரமெங்கும் கன்று நடும் ஆர்வம் கூடியிருக்கிறது. சிதைந்த காட்டில் வாய்க்கால் வெட்டி, ஓதநீரைப் புகவிட்டு, அலையாத்தியை மீட்கும் பணி முத்துப்பேட்டையில் நல்ல பலன் தந்தது. அதே கன்றுகளை வெட்டவெளிச் சேற்றுத்திட்டில் நட்டால் கதை வேறு. மரம் வளர்ந்த சேற்றில் உள்ளான் இரைதேடாது. எதிரி வருவதைக் காண அதற்குத் திறந்தவெளி வேண்டும். ‘வெற்றிடம்’ என்று வரைபடத்தில் குறிக்கப்படும் அந்தத் திட்டுதான் அதன் வயல்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான நன்னீருக்கு ஏற்கெனவே சட்டத்தில் இடம் இருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பு, மொத்தமுள்ள 740 டிஎம்சியில் 10 டிஎம்சியைச் சுற்றுச்சூழலுக்கும், 4 டிஎம்சியைத் தவிர்க்கவியலாமல் கடலில் கலப்பதற்கும் ஒதுக்கியது. 2018இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் பங்கை மாற்றியபோதும் இந்த 14 டிஎம்சியைத் தொடவில்லை. கல்லணைக்குக் கீழே அந்த 10 டிஎம்சியில் பாமணியாற்றுக்கு எவ்வளவு, கோரையாற்றுக்கு எவ்வளவு, எந்த வாரத்தில் என்பதை நீர்வளத் துறையும் வனத் துறையும் சேர்ந்தமர்ந்து வகுக்க வேண்டும். பருவமழை வெள்ளத்தில் மொத்தமாக இறங்கும் நீரால் ஆழம் கூடுமே தவிர, சதுப்புக்குத் தேவையான காலத்தில் அது உதவாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28ஆம் நாள் மூடப்படுகிறது. உள்ளான்கள் சைபீரியப் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்ப்பது மார்ச், ஏப்ரல் மாதங்களில்.