ஐந்து நொடிக்கு ஓர் ஊசி

ஒரு லிட்டர் சிறுநீரில் ஒரு மில்லி ரத்தம் கலந்தாலே நிறம் மாறியது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரு மில்லி என்பது ஏறக்குறைய 20 சொட்டு. அதில் இருக்கும் சிவப்பணுக்கள் சுமார் 500 கோடி. சிவப்பாகப் போனதைப் பார்த்ததும் உடம்பு ரத்தமெல்லாம் வற்றிவிடப் போகிறது என்று பதறுகிறவர்கள் உண்டு. அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தப் பதற்றம் பெரும்பாலும் தேவையற்றது. பெரும்பாலும்தான், எப்போதும் அல்ல. 1968இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு புழு நோய் முற்றிய எகிப்திய விவசாயிகள் சிலர் சிறுநீரில் இழக்கும் ரத்தத்தை அளந்து பார்த்தார்கள். நாளொன்றுக்குக் குறைந்தது 2.6 மில்லி, கூடியது 126 மில்லி. இரும்புச்சத்து இழப்பு ஒரு நாளைக்கு 37 மில்லிகிராம் வரை போயிருந்தது. நன்றாகச் சாப்பிடும் ஓர் ஆளின் குடல் ஒரு நாளில் உறிஞ்சிக்கொள்ளும் இரும்பே ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம்தான்.

நம் ஊரில் சிறுநீரில் ரத்தம் என்றால் கல், கிருமித்தொற்று, புரோஸ்டேட் வீக்கம், சிறுநீரக அழற்சி, காசநோய், புற்றுநோய் என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவார். இடையில் ஒரு வார்த்தை: ரத்தம் கண்ணுக்குத் தெரியும்படி போய்ச் சோதனைக்கு வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்காவது புற்றுநோய் இருப்பதால், வலியில்லாமல் ஒரே ஒரு முறை போய் நின்றுவிட்டது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. 45 வயதைத் தாண்டியவர்கள் கட்டாயம் பார்த்துவிட வேண்டும். எகிப்தின் நைல் கரையில் இந்தக் கழித்தல் கணக்குக்கு வேலையே இருக்கவில்லை. அங்கே பல தலைமுறைகளுக்கு இதற்கு ஒரே காரணம், பில்ஹார்சியா என்ற அந்தப் புழு நோய். சில வட்டாரங்களில் பையனுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனால் அவன் பெரியவனாகிவிட்டான் என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்த நோய்க்கு எவ்வளவு செலவானது என்று பார்க்கப் போனால், நோயைவிட அதற்குச் செய்த வைத்தியத்தின் பாக்கிதான் பெரிதாக நிற்கிறது.

நோய் பழையது. 1910இல் மார்க் அர்மாண்ட் ரஃபர், இருபதாம் அரச மரபைச் சேர்ந்த இரண்டு மம்மிகளின் சிறுநீரகத்தில் இதன் முட்டைகளைச் சுண்ணாம்பாய் இறுகிய நிலையில் கண்டெடுத்தார். வயது 3000 ஆண்டுக்கு மேல். 1798இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போன பிரெஞ்சுச் சிப்பாய்களும் சிவப்பாகச் சிறுநீர் கழித்தார்கள். காரணம் கண்டவர் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர். 1851இல் கெய்ரோவின் காஸ்ர் எல்-அய்னி மருத்துவமனையில் பிணத்தை அறுத்துப் பார்த்தபோது ரத்தக் குழாய்க்குள் புழுவைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 26. 37 வயதில் இறந்துபோனார். அந்தப் புழு எப்படி உடம்புக்குள் போகிறது என்று தெரிய இன்னும் 64 ஆண்டு பிடித்தது. 1915இல் ராபர்ட் லைப்பர், நடுவில் தண்ணீரில் வாழும் ஒரு நத்தை இருக்கிறது என்று எகிப்திலேயே நிறுவினார்.

புழுவின் கணக்கு இப்படி. ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம். ஆண் தன் உடம்பின் நீளவாட்டுப் பள்ளத்தில் பெண்ணைச் செருகி வைத்துக்கொண்டு, சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள சிரைகளில் குடித்தனம் நடத்தும். ஆயுள் சராசரி மூன்று முதல் ஐந்து ஆண்டு. பெண் ஒரு நாளில் 20 முதல் 200 முட்டை வரை இடும். நாளுக்கு 100 என்று வைத்து நான்கு ஆண்டுக்குப் பெருக்கினால் ஒரே ஜோடிக்கு 1,46,000 முட்டை. இதில் பாதியளவுதான் சிறுநீர்ப்பைச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. கண்ணில் படும் ரத்தம் அந்தக் கிழிசலின் ரத்தம். மீதிப் பாதி சதைக்குள்ளேயே தங்கிவிடும். கெடுதலெல்லாம் தங்கியதால்தான். சுவர் தடித்து இறுகும், சிறுநீர்க் குழாய் அடைபடும், பல ஆண்டு கழித்துப் புற்றாகவும் மாறலாம். கெய்ரோவில் 1980இல் பார்த்த சிறுநீர்ப்பைப் புற்றுகளில் முக்கால் பங்குக்கு மேல் இந்த முட்டைகளோடு தொடர்புள்ள செதிள் வகை. 2005இல் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது.

கண்டுபிடிக்கும் முறையில் பெரிய செலவில்லை. காலை பத்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் இடையில் எடுத்த சிறுநீர் வேண்டும். முட்டை அதிகம் இறங்குவது அந்த நேரத்தில்தான். பத்து மில்லியைச் சிரிஞ்சில் இழுத்து, நுண்துளை வடிகட்டி வழியே தள்ளி, வடிகட்டியை அப்படியே நுண்ணோக்கியின் கீழ் வைப்பார்கள். முட்டை மாவடு மாதிரி, ஒரு முனையில் மட்டும் முள்ளோடு தெரியும். எண்ணிக்கை 50ஐத் தொட்டால் கடும் தொற்று. அதற்குக் கீழே எல்லாம் லேசானது என்று எழுதிக்கொள்வார்கள், லேசு யாருக்கு என்பது வேறு விஷயம்.

நோய் எப்படிப் பெருகியது என்பதற்கும் எண்கள் கிடைக்கின்றன. நைலில் ஆண்டுக்கு ஒரு வெள்ளம் வந்து வயலில் தேங்கி வடிந்தால், மீதி மாதங்களில் நிலம் காய்ந்து கிடக்கும், நத்தை செத்துப்போகும். பருத்திக்கும் இரண்டாம் போகத்துக்கும் ஆண்டு முழுதும் கால்வாயில் தண்ணீர் ஓட வேண்டியிருந்தது. 1902இல் அஸ்வானில் அணை கட்டி, 1912இலும் 1933இலும் உயர்த்தினார்கள். 1930களில் எடுத்த கணக்கில், ஆண்டு முழுதும் பாசனம் நடந்த பகுதிகளில் நூற்றுக்குச் சுமார் 60 பேருக்கு நோய், பழைய வெள்ளப் பாசனப் பகுதியில் ஐந்தை ஒட்டி. மேல் எகிப்தில் புதிதாகக் கால்வாய் வந்த ஊர்களை முகமது கலீலும் அப்துல் அஸீமும் மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை சோதித்தார்கள். பிம்பானில் 2 விழுக்காடு 75 ஆகியிருந்தது. மன்சூரியாவில் 11 என்பது 64. பாசனத் திட்டங்களின் வரவு-செலவில் பருத்தி மூட்டை ஏறியது, இந்த 75 ஏறவில்லை. 1970இல் முடிந்த பெரிய அணையின்போதும் இதே அச்சம் இருந்தது. அதற்குப் பின் ரத்தச் சிறுநீர் வகை குறைந்து, டெல்டாவில் குடலைத் தாக்கும் இன்னொரு வகை பெருகியது தனிக்கதை.

வைத்தியத்துக்கு வருவோம். 1918இல் கார்ட்டூமில் ஜான் கிறிஸ்டோஃபர்சன் என்ற டாக்டர், டார்டார் எமெடிக் என்னும் ஆன்டிமணி உப்பைச் சிரையில் ஏற்றினால் புழு சாகிறது என்று காட்டினார். மருந்து கடுமையானது. இருமலும் வாந்தியும் வரும், இதயத்தையும் தாக்கும். ஒரே ஊசியில் முடியாது, பத்து பன்னிரண்டு முறை போட வேண்டும். ஆனால் வேறு மருந்து இல்லாத காலத்தில் வேலை செய்த மருந்து. எகிப்து அரசு இதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1964 முதல் 1982 வரை 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 3.6 கோடி ஊசி. வகுத்தால் தலைக்கு ஆறு. போட வேண்டியதில் பாதியோடு பலர் நின்றுவிட்டது இதிலிருந்தே தெரிகிறது.

இந்த இயக்கத்தை 1964இல் நேரில் பார்த்த ஒருவரின் குறிப்பு மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கைதேர்ந்த டாக்டர் காலை 9.20க்கு ஊசி போடத் தொடங்கி 10.10க்கு முடிக்கிறார். நடுவில் பத்து நிமிடம் ஓய்வு. ஆண், பெண், குழந்தை என்று அதற்குள் போட்டு முடித்தது 504 ஊசி. 40 நிமிடம் என்றால் 2400 நொடி. ஓர் ஊசிக்கு ஐந்து நொடிகூட இல்லை. அதுவும் சிரையில் போடும் ஊசி. போட்ட சிரிஞ்சு ஒரு தட்டில் விழும், நர்ஸ் எடுத்துக் கழுவுவார், ஓரிரு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுப்பார், மறுபடி மருந்து நிரப்பி அடுத்த கைக்கு. இதே வேகத்தில் ஒரே டாக்டர் நாளுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் உட்கார்ந்திருந்தால்கூட 3.6 கோடி ஊசியை முடிக்க ஏறக்குறைய 20 ஆண்டு ஆகும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரிசை நீளம், சிரிஞ்சு கொஞ்சம், வாசலில் நின்றவர்கள் உண்மையிலேயே நோயாளிகள். அந்தச் சிரிஞ்சில் என்ன ஒட்டிக்கொண்டு போனது என்று அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே 1989இல்தான்.

கண்டுபிடித்த பிறகு கணக்கு வந்தது. 2008இல் எகிப்தில் 15 முதல் 59 வயதுவரை உள்ளவர்களைச் சோதித்தபோது 14.7 விழுக்காட்டினரின் ரத்தத்தில் அந்த வைரஸ் வந்துபோன அடையாளம் இருந்தது; 9.8 விழுக்காட்டினரிடம் வைரஸே இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. ஊசி அதிகம் போட்ட பகுதிகளிலும், அந்த ஊசிக் காலத்தில் வளர்ந்தவர்களிடமும் தொற்று கூடுதலாக இருப்பதை 2000இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை எடுத்துக் காட்டியது. ஊசி மூட்டிவிட்டது, பிறகு பல் வைத்தியம், நாவிதர் கத்தி, சாதாரண மருத்துவமனை ஊசி எல்லாம் சேர்ந்து பரப்பின. சிறுநீர்ப்பையைக் காப்பாற்றப் போட்ட மருந்துக்குக் கல்லீரல் விலை கொடுத்தது.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் ஹெபடைடிஸ் சி-க்கான சோஃபோஸ்புவிர் மாத்திரை அனுமதி பெற்றது. அங்கே 12 வாரத்துக்கு விலை 84,000 டாலர், ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். எகிப்து பேரம் பேசி 2014இல் அதே 12 வாரத்தை 900 டாலருக்கு வாங்கியது. பின்னர் உள்நாட்டுக் கம்பெனிகளே தயாரிக்கத் தொடங்கியதும் இதற்கும் இதோடு ஜோடியாகக் கொடுக்கும் மருந்துக்கும் சேர்த்த செலவு 100 டாலருக்கும் கீழே போயிற்று. அடுத்து நாட்டையே சோதித்தார்கள். 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை ஏழு மாதத்தில் 4.96 கோடிப் பேர். 4.6 விழுக்காட்டினருக்கு அடையாளம் இருந்தது. முடிவு தெரிந்த நோயாளிகளில் 98.8 விழுக்காட்டினர் குணமானார்கள். மொத்தச் செலவு 20.71 கோடி டாலர். ஒருவரைக் கண்டுபிடித்துக் குணமாக்க 130 டாலர் 62 சென்ட். 2023இல் உலக சுகாதார அமைப்பு ஹெபடைடிஸ் சி ஒழிப்புப் பாதையில் எகிப்துக்குத் தங்கத் தகுதி கொடுத்தது. சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் 1964இல் பத்து வயதில் வரிசையில் நின்ற பையனுக்கு 2018இல் வயது 64. அதற்குள் கல்லீரல் சுருங்கி இறந்தவர்கள் 130 டாலர் 62 சென்ட் என்ற அந்த வகுத்தலுக்குள் வரவே இல்லை.

முதல் நோயான பில்ஹார்சியாவுக்கு இப்போது ஊசி கிடையாது. 1970களில் பேயரும் ஜெர்மனியின் மெர்க்கும் சேர்ந்து உருவாக்கிய ப்ராசிகுவான்டெல் என்ற மாத்திரைதான். உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம், ஒரே வேளை. எகிப்தில் 1980களின் இறுதியிலிருந்து இதை நாடெங்கும் கொடுத்தார்கள். 2006 வாக்கில் ரத்தச் சிறுநீர் வகை நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. ஒரு மாத்திரையின் விலை சில அமெரிக்க சென்ட்தான். குறை உண்டு. வளர்ந்த புழுவைக் கொல்லும், குட்டிப் புழுவை விட்டுவிடும். மறுபடி நத்தைத் தண்ணீரில் இறங்கினால் மறுபடி வரும்.

ஆப்பிரிக்கப் பள்ளிகளில் மாத்திரை கொடுக்கப் போகிறவர்கள் தராசு தூக்கிக்கொண்டு போவதில்லை. கோடு போட்ட ஒரு கம்பு போதும். பிள்ளையைக் கம்பருகில் நிறுத்தினால் தலை எந்தக் கோட்டில் முட்டுகிறதோ அதுதான் அளவு. 94 சென்டிமீட்டர் முதல் 109 வரை ஒரு மாத்திரை, 110 முதல் 124 வரை ஒன்றரை, 125 முதல் 137 வரை இரண்டு. 160ஐத் தாண்டினால் நான்கு, 178க்கு மேல் ஐந்து. ஒவ்வொன்றும் 600 மில்லிகிராம், நீளமானது, கசப்பு. மெர்க் நிறுவனம் ஆண்டுக்கு 25 கோடி மாத்திரை வரை உலக சுகாதார அமைப்புக்கு இலவசமாகக் கொடுக்கிறது. 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி எல்லா வகை பில்ஹார்சியாவுக்கும் சேர்த்துத் தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 25.14 கோடி. கிடைத்தது 7.53 கோடிப் பேருக்கு.

அந்தக் கம்பில் 94 சென்டிமீட்டருக்குக் கீழே கோடே கிடையாது. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு கால்வாயில் துணி துவைக்கும் தாயோடு சேர்ந்து அதுவும்தான் நனைகிறது, ஆனாலும் அதற்குத் தோதான மருந்து நெடுநாள் இருக்கவில்லை. பெரிய மாத்திரையை நொறுக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். தண்ணீரில் கரையும் 150 மில்லிகிராம் குழந்தை மாத்திரைக்கு 2023 டிசம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை சாதகமாகக் கருத்துச் சொன்னது. மூன்று மாதக் குழந்தையிலிருந்து ஆறு வயதுவரை கொடுக்கலாம்.