பாட்டு உள்ளே, பாடகர் வெளியே

கேரளக் கோயில்கள் கலையை வரவேற்கின்றன. கலைஞரிடம் மட்டும் பிறப்பைக் கேட்கின்றன.

கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பத்திலிருந்து குமுளி மலைப்பாதையில் ஏறும் வண்டிகளுக்குக் கணக்கில்லை. இருமுடி கட்டிய தமிழ்நாட்டு ஐயப்பன்மார்கள் எல்லையைக் கடந்து, இடுக்கி மாவட்டத்தின் வண்டிப்பெரியாறு வழியாகச் சபரிமலைக்குப் போகிறார்கள். வழியெல்லாம் வண்டிகளில் ஒலிப்பது பெரும்பாலும் ஒரே குரல். மலையில் இரவு நடை சாத்தும்போது ஐயப்பனைத் துயிலவைக்கும் ‘ஹரிவராசன’மும் அதே குரல்தான். ஃபோர்ட் கொச்சியில் 1940-ல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த கே.ஜே. யேசுதாஸின் குரல். 1975-ல் வெளிவந்த ‘சுவாமி ஐயப்பன்’ படத்துக்காக அந்தப் பாடலுக்கு மெட்டமைத்தவர் ஜி. தேவராஜன். அவர் ஊரறிந்த நாத்திகர். நாத்திகர் மெட்டமைக்க, கிறிஸ்தவர் பாட, சாமி தூங்கப் போகிறார். யாருக்கும் இது உறுத்தியதில்லை. யேசுதாஸும் மலையேறித் தரிசனம் செய்திருக்கிறார்.

தமிழர்கள் கேரளத்துக்குள் நுழையும் இன்னொரு வாசல் வாளையாறு. அந்த வழியாகப் பாலக்காட்டைத் தாண்டிக் குருவாயூர் போனால் கதை வேறு. அங்கே யேசுதாஸின் பாட்டுக்கு அனுமதி உண்டு; அவருக்குக் கிடையாது.

இதில் கசப்பான வேடிக்கை என்னவென்றால், அவரைக் குருவாயூரப்பனிடம் சேர்த்துவிட்டவரே அந்தக் கோயிலின் செல்லப்பிள்ளை. பாலக்காட்டை அடுத்த கோட்டாயிக்கு அருகே உள்ள செம்பை கிராமத்தின் வைத்தியநாத பாகவதர் 1951-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். பாட முடியாதபடி தொண்டை கட்டிப்போன காலத்தில் குருவாயூரப்பன்தான் குரலைத் திருப்பித் தந்தார் என்று நம்பியவர். ஆசாரமான தமிழ்ப் பிராமணர். ஆனால் கொச்சியிலிருந்து வந்த கிறிஸ்தவ இளைஞரைச் சீடராக ஏற்க அவர் தயங்கவில்லை. 1974 அக்டோபரில் அவர் மறைந்தார். மறு ஆண்டு முதல் ஏகாதசியை ஒட்டி அவர் பெயரிலேயே சங்கீத உற்சவம் நடத்தத் தொடங்கியது குருவாயூர் தேவஸ்வம். யேசுதாஸ் பல ஆண்டுகள் அதில் பாடியிருக்கிறார். மேடை இருப்பது கோயிலுக்கு வெளியே உள்ள மேல்பத்தூர் அரங்கத்தில். அங்கிருந்து சில அடி தூரம் நடந்தால் கோயில் வாசல். அந்தச் சில அடிதான் பிரச்சினை.

மலையாளத்தில் கோயிலுக்கு ‘அம்பலம்’ என்று பெயர். நமக்கு அம்பலம் என்றால் ஊர்ப் பொதுவிடம். அங்கே வந்துவிட்டால் எதையும் மறைக்க முடியாது. ஒரே சொல் மலைக்கு இந்தப் பக்கம் திறந்தவெளியாகவும் அந்தப் பக்கம் மதில் சூழ்ந்த இடமாகவும் பொருள்படுவது மொழிபெயர்ப்பாளனுக்குச் சுவாரசியமான விஷயம். மதிலுக்கு வெளியே நிற்பவருக்கு அப்படி இருக்காது. குருவாயூர் அம்பல நடைக்கு ஒருநாள் போவேன் என்ற ஏக்கத்தை வயலார் ராமவர்மா ஒரு பாட்டாக எழுதினார். 1970-ல் வந்த ‘ஒதேனன்றெ மகன்’ படத்தில் அதைப் பாடியவரும் யேசுதாஸ்தான். படத்துக்காக எழுதிய வரிகள் பாடியவரின் சொந்தக் கதையாகவே மலையாளிகளின் மனதில் தங்கிவிட்டன.

தடைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது சட்டம். இந்துக்களில் எந்தப் பிரிவினரையும் வழிபாட்டிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது 1965-ம் ஆண்டின் கேரளச் சட்டம். அதன்கீழ் இயற்றப்பட்ட விதிகளோ இந்து அல்லாதவர்களை விலக்குகின்றன. கோயில் என்பது கச்சேரி மண்டபம் அல்ல, விக்கிரகத்தின் சைதன்யத்தைக் காப்பதே ஆசாரம், பூசை விஷயங்களில் தந்திரியின் சொல்லே முடிவு என்பது ஆசாரவாதிகளின் தரப்பு. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கோயில் நம்புகிறவர்களின் இடம்தான். ஆனால் நம்பிக்கையை அளக்கும் கோலாகப் பிறப்பை வைத்துக்கொண்டால் யேசுதாஸ் போன்றவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதே குருவாயூரில்தான் 1931-32-ல் கே. கேளப்பன் தலைமையில் ஆலயப் பிரவேச சத்தியாக்கிரகம் நடந்தது. மணியடித்ததற்காக பி. கிருஷ்ணபிள்ளை அடி வாங்கினார். தொண்டர் படைத் தலைவர் ஏ.கே. கோபாலனும் தாக்கப்பட்டார். சைதன்யம் கெட்டுவிடும் என்ற வாதம் அன்றும் இருந்தது. 1947-ல் எல்லா இந்துக்களுக்கும் வாசல் திறந்தது. குருவாயூரப்பனின் பெருமை குறைந்ததாகத் தெரியவில்லை, கூட்டம்தான் பெருகியது.

2007-ல் அப்போதைய தேவஸ்வம் அமைச்சர் ஜி. சுதாகரன் யேசுதாஸுக்காகக் குரல் கொடுத்தார். அதே ஆண்டில் காங்கிரஸ் தலைவர் வயலார் ரவியின் பேரனுக்கு அங்கே சோறூட்டு நடந்தபின், அவர் மனைவி கிறிஸ்தவர் என்ற காரணத்தால் கோயிலில் புண்யாகம் செய்து ‘சுத்தம்’ செய்தார்கள். பெரும் சர்ச்சை எழுந்தது. யேசுதாஸுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை.

அவர் நிலையாவது தேவலை என்று சொல்ல வைப்பது கலாமண்டலம் ஹைதரலியின் கதை. வடக்காஞ்சேரிப் பக்கத்து ஏழை முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. சிறுவனாகக் கேரள கலாமண்டலத்தில் சேர்ந்து நீலகண்டன் நம்பீசனிடம் கதகளிப் பாட்டு கற்றவர். திரைப்பாடகருக்கு ஆயிரம் மேடை உண்டு. கதகளிக்காரருக்குக் கோயில்தான் மேடை. கதகளியில் நடிகர் வாய் திறப்பதில்லை; பின்னால் சேங்கிலையோடு நிற்கும் பாடகர்தான் அவருடைய நாக்கு. உள்ளே நளனும் தமயந்தியும் ஆட, பாடகர் மதிலுக்கு வெளியே நிற்க முடியுமா? ஹரிப்பாட்டில் ஒரு கோயிலில் இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். மதிலின் ஒரு பகுதியை இடித்து, மேடையை வெளிப்புறமாக நீட்டி, கோயில் எல்லைக்கு அப்பால் ஹைதரலியை நிறுத்திப் பாடவைத்தார்கள். பாட்டின் மேல் அவ்வளவு ஆசை! சுவரை இடிக்க மனம் வந்தது; விதியை இடிக்க வரவில்லை. 2006 ஜனவரியில் கார் விபத்தில் ஹைதரலி இறந்தார்.

இந்துவாகப் பிறந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. பஞ்சவாத்தியத்தில் இலைத்தாளம் வாசித்த தலித் கலைஞர் ஒருவர் சாதியின் பெயரால் விலக்கப்பட்டதாக 2014-ல் குருவாயூரில் புகார் எழுந்தது. கும்பிட வரலாம், கொட்ட வரக்கூடாது. மேளம் இன்னின்ன சாதிக்கு உரிய கோயில் ஊழியம் என்ற பழைய ஏற்பாட்டின் மிச்சம் இது.

இறுக்கம் ஒரு மதத்தின் தனிச்சொத்தும் அல்ல. பரதநாட்டியக் கலைஞர் வி.பி. மன்சியா மலப்புறம் மாவட்டத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கோயில் விழாக்களில் ஆடியதால் ஊர் ஜமாஅத் குடும்பத்தையே ஒதுக்கிவைத்தது, புற்றுநோயில் இறந்த தாயைப் புதைக்கப் பள்ளிவாசலில் இடம் தரவில்லை என்பதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த மன்சியாவின் பெயர் 2022-ல் இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்கம் கோயில் விழா நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்று, பிறகு இந்து அல்ல என்ற காரணத்தால் நீக்கப்பட்டது. தனக்கு மதமே இல்லை என்கிறார் அவர். பள்ளிவாசலுக்கு அவர் கோயிலில் ஆடுகிறவர்; கோயிலுக்கு அவர் பள்ளிவாசலைச் சேர்ந்தவர். அவருக்கு ஆதரவாகச் சக கலைஞர்கள் சிலர் தங்கள் நிகழ்ச்சிகளை விட்டுக்கொடுத்தது அந்த விவகாரத்தில் கண்ட ஒரே வெளிச்சம்.

மலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் ஷேக் சின்ன மௌலானாவைக் காட்டி மார்தட்டலாம். ஆந்திரத்தில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறிய அந்த நாகஸ்வர மேதைக்கு 1998-ல் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. ஆனால் அதே ஸ்ரீரங்கம் கோயிலிலிருந்து 2021 டிசம்பரில் நடனக் கலைஞர் ஜாகிர் உசேன் வெளியேற்றப்பட்டார். தடுத்தவர் அர்ச்சகரும் அல்ல, அதிகாரியும் அல்ல. தாமே காவல் பொறுப்பை எடுத்துக்கொண்ட ஒரு தனிநபர். இடுக்கி மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் அர்த்த மண்டப வாசலில் நிறுத்தப்பட்டதும் பெரிய பேச்சானது. அர்ச்சகர்களைத் தவிர யாருக்கும் அங்கே அனுமதியில்லை என்றது அறநிலையத் துறை. தன் சுயமரியாதைக்குக் குறைவில்லை என்றார் ராஜா. எல்லாச் சம்பவங்களையும் ஒரே மூட்டையில் கட்ட முடியாதுதான்.

கேரளத்திலும் அசைவு இல்லாமல் இல்லை. இந்து மத நம்பிக்கை உள்ளவன் என்று யேசுதாஸ் எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தை 2017 செப்டம்பரில் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் ஏற்றுக்கொண்டது. வாழ்நாள் முழுதும் பாடிய கீர்த்தனைகள் போதவில்லை, ஒரு தாள் போதுமானதாக இருந்தது.

யேசுதாஸ் எண்பதைத் தாண்டிவிட்டார். பல்லாண்டுகளாக ஜனவரி 10-ல், தன் பிறந்தநாளன்று, மூகாம்பிகை சந்நிதியில் பாடுவதை வழக்கமாக வைத்திருந்தார். அந்தக் கோயில் இருக்கும் கொல்லூர், கேரள எல்லையைத் தாண்டி கர்நாடகத்தில் இருக்கிறது.