வாடிய பயிரும் வார்த்த நீரும்

பயிர் வாடினால் நீர் வார்ப்பது நம் குடியானவனின் பரம்பரை வழக்கம். வறட்சியால் வாடிய பயிருக்கு அதுவே மருந்து. வேரில் நோய் புகுந்து வாடிய பயிருக்கு அந்நீர் செய்யும் தீங்கை அவனுக்கு எடுத்துரைப்பார் யார்?

இவ்விஷயத்தை அறியச் சீமைக்குப் போகவேண்டுவதில்லை. பூவிருந்தவல்லிப் பெருஞ்சாலையில் மதுரவாயலைக் கடந்து செல்வோரில் பலர், சென்னைச் சர்வகலாசாலையின் தாவர சாஸ்திரப் பகுதிக்கு அங்கே ஒரு வயல் ஆராய்ச்சிக்கூடம் ஏற்பட்ட செய்தியை அறியார். அப்பகுதிக்குப் பல்லாண்டு தலைமை வகித்த டி. எஸ். சதாசிவன், மண்ணில் மறைந்து வாழும் பூசணங்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். பருத்தியை வாட்டும் ப்யூஸாரியம் என்ற பூசணம், பயிரில்லாத மண்ணிலும் பல வருஷம் சாவதில்லை. இளவேரின் வழியே நுழைந்து, நீர் ஏறும் நாளங்களில் குடிகொண்டு, அவற்றை அடைக்கிறது. அடைப்பு மட்டுமோ? அது கக்கும் ப்யூஸாரிக் அமிலம் என்ற நஞ்சு, நோயுற்ற செடிக்குள்ளேயே இருப்பதை அச்சர்வகலாசாலையைச் சேர்ந்த லக்ஷ்மிநாராயணன், சுப்பிரமணியன் என்ற இருவர் கண்டனர். குப்பியில் வளர்த்த பூசணத்தில் அன்று, வாடும் செடியிலேயே! லண்டன் 'நேச்சர்' பத்திரிகை 1955இல் அதை வெளியிட்டது.

ரஸ்தாளி வாழையை வாட்டும் நோயும் இப்பூசண இனத்தால் வருவதே. நோய் கண்ட வாழைக்குப் பாய்ச்சிய நீர், நோய் மண்ணை அடுத்த பாத்திக்கு இட்டுச் செல்கிறது. மண்வெட்டியில் ஒட்டிய மண்ணும் போதும். அத்தோட்டத்துக் கன்றை வாங்கியவனோ, காசு கொடுத்து வியாதியைத் தன் ஊருக்குக் கொண்டுபோகிறான்.

இதெல்லாம் அற்ப விஷயமென்று கருதும் அரசியல் அன்பர் உளர். 1942இல் வங்காளத்து நெல்லைச் செம்புள்ளி நோய் தாக்கிற்று; மறு வருஷப் பஞ்சத்தில் லக்ஷக்கணக்கான ஜனங்கள் மாண்டனர். ஒரு பூசணத்தின் தலையில் பழியை ஏற்றி அன்னிய சர்க்காரை விடுவிக்க நாம் ஒருப்படோம். ஆயினும், விளைச்சல் குன்றியதில் அந்நோய்க்குப் பெரும் பங்கு உண்டென்று நிபுணர் எஸ். ஒய். பத்மநாபன் 1973இல் எழுதியதைத் தள்ளிவிடவும் இயலாது.

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன. இனி இதைக் கேட்பார் யாரென்று சிலர் நகைக்கலாம். பூவிருந்தவல்லிக்கு மேற்கே போய்ப் பார்க்கட்டும். விவசாயக் கலாசாலையார் தமிழில் எழுதாமல் இல்லை. எழுதியது நூல் நிலையத்தில் இருந்தால் போதாது. வாழைக்கன்று விற்கும் இடத்தில், கன்றோடு கன்றாக, அந்தத் துண்டுப் பிரசுரமும் குடியானவன் கைக்கு வரவேண்டும்.