பிள்ளை பெற்ற பிறகு குத்துச்சண்டையா?

புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் பழகியபோது, "பொம்பளைக்கு எதுக்கு இது?" என்று கேலி பேசியவர்கள் உண்டு. குத்துச்சண்டை என்றால் கேட்கவே வேண்டாம்! அதிலும் பிள்ளை பெற்ற பிறகு?

மணிப்பூர் மேரி கோமைப் பாருங்கள். உலகப் பெண்கள் அமெச்சூர் குத்துச்சண்டைப் போட்டியில் 2006-க்குள் மூன்று தங்கம். 2007-ல் சிசேரியன், இரட்டை ஆண் குழந்தைகள். மறுவருஷமே சீனாவின் நிங்போவில், 46 கிலோ பிரிவில் நாலாவது தங்கம்! வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் அப்போதைய கணவர் ஓன்லர். (இப்படி வீட்டுக்காரர் வாய்க்கணுமே என்கிறீர்களா? வாஸ்தவம்தான்!)

நாம் கையுறை மாட்ட வேண்டாம். ஆனால், "பெத்த உடம்பு, இனி அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சிசேரியன் ஆனவர்கள் முதலில் மெதுவாக நடந்து பழகுங்கள். குனிந்து நிமிரும் பயிற்சியும் பாரம் தூக்குவதும் டாக்டர் சரியென்ற பிறகுதான்.