பழைய கட்டடமும் புதிய கழிப்பறையும்

திண்டுக்கல் ரத வீதிகளிலும் நாகல்நகரிலும், ஒரு தலைமுறைக்கு முன் வீடாகக் கட்டப்பட்டு, பிற்காலத்தில் மருத்துவமனையாகவும் உணவு விடுதியாகவும் பயிற்சிக் கூடமாகவும் மாறிவிட்ட கட்டடங்கள் அநேகம். வந்துபோகும் ஜனங்கள் பெருகிவிட்டார்கள், இன்னொரு கழிப்பறை இல்லாமல் இனித் தீராது என்று சொந்தக்காரர் தீர்மானிக்கும் நாளில், மேஸ்திரியின் பார்வை பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியில் வீணாய்க் கிடக்கும் மூலையின் மீதே போய் விழுகிறது. சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்கு அக்கட்டடத்தில் இடமில்லை என்பதும் அந்தக் கணத்திலேயே முடிவாகிவிடுகிறது.

சட்டம் இவ்விஷயத்தில் வாய்மூடி இருக்கவில்லை. 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 44-ஆம் பிரிவில், அணுகல் விதிகளுக்கு இணங்காத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியே தரலாகாது என்கிறது. 45-ஆம் பிரிவிலோ, ஏற்கெனவே எழுந்து நிற்கும் பொதுக் கட்டடங்கள் யாவும், விதிகள் வெளியான நாள் தொட்டு ஐந்து ஆண்டுகளுக்குள் திருத்தியமைக்கப்பட வேண்டும் என்கிறது. பொதுக் கட்டடம் என்றவுடன் கலெக்டர் அலுவலகத்தை மட்டும் நினைத்துக்கொள்வது தவறு. அரசாங்கத்துடையதாயினும் தனியாருடையதாயினும், பொதுஜனங்கள் புழங்கும் பள்ளி, ஆஸ்பத்திரி, வணிக வளாகம் முதலிய அனைத்தும் அச்சொல்லுக்குள் அடங்கும். விதிகள் வெளியானது 2017 ஜூன் 15-இல். ஆகவே ஐந்தாண்டுத் தவணை 2022-லேயே கழிந்துவிட்டது.

தவணை கழிந்தும் காரியம் நடவாததற்கு ஒரு காரணத்தை உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டிற்று. ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று வந்த தீர்ப்பு, அணுகல் தரங்களை வகுத்த 15(1)-ஆம் விதி, கட்டாயமாக்க வேண்டியதை வெறும் வழிகாட்டுதலாகச் சொல்லி நிறுத்திவிட்டதால் அது மூலச் சட்டத்துக்கே முரணானது என்று தள்ளி, கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசைப் பணித்தது.

இனி அளவுகளுக்கு வருவோம். 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட (2021-இல் புதிய பதிப்பும் வந்துவிட்ட) வழிகாட்டு நெறிகளின்படி, சக்கர நாற்காலிக்கு ஏற்ற கழிப்பறை உள்ளளவில் ஏறத்தாழ 2.2 மீட்டருக்கு 2 மீட்டராவது, அதாவது ஏழடிக்கு ஆறரை அடியாவது இருத்தல் வேண்டும். கதவு திறந்தால் 900 மில்லிமீட்டர் வழி கிடைக்க வேண்டும். இருக்கை தரையிலிருந்து 450 முதல் 480 மில்லிமீட்டர் உயரத்தில் அமைய வேண்டும். இந்த விஸ்தாரம் ஆடம்பரத்துக்காகக் கேட்கப்படுவதன்று. நாற்காலியை இருக்கைக்குப் பக்கவாட்டில் கொண்டுவந்து நிறுத்தி, சுவர்க் கைப்பிடியைப் பற்றி, உடம்பை ஒரு புறத்திலிருந்து மறுபுறம் நகர்த்திக்கொள்வதற்குப் பக்கத்தில் 900 மில்லிமீட்டர் இடம் காலியாக இருந்தாக வேண்டும். அந்த இடத்தில்தான் நம்மவர்கள் வாளியையும் துடைப்பத்தையும் வைத்துவிடுகிறார்கள். கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும் அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும் என்ற நிபந்தனைக்கும் நியாயம் உண்டு: உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும்.

ஆயினும் பழைய கட்டடங்களில் காரியத்தைக் கெடுப்பது அறையின் அளவைவிடத் தரையின் உயரமே என்பது என் அபிப்பிராயம். கழிப்பறைக்கென்று முதலிலேயே தாழ்த்திப் போட்ட தளம், கொத்தனார்கள் 'சங்கன் ஸ்லாப்' என்பது, பழைய கட்டடத்தில் நாம் இடம் தேடும் மூலையில் இராது. ஆகவே கழிவுக் குழாயை மறைக்க வேண்டிச் செங்கல் ஜல்லியைக் கொட்டித் தரையை அரையடி உயர்த்தி, வாசலில் ஒரு படியையும் வைத்துவிடுகிறார்கள். ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. அந்த அரையடிப் படியைச் சரிசெய்ய ஆறடிச் சாய்தளமும், அதன் மேல்முனையில் கதவருகே நாற்காலி நிற்கச் சமதளமும் வேண்டும். நடைபாதையே ஆறடி இல்லாத வீட்டில் அதற்கு எங்கே போவது? வெளிச்சுவரை ஒட்டி இடம் தேர்ந்து, கழிவைத் தரைக்குள் இறக்கும் 'எஸ்-ட்ராப்' பீங்கானை விடுத்து, பின்சுவர் வழியே வெளியேற்றும் 'பி-ட்ராப்' பீங்கானை வாங்கினால், இந்த உயர்த்தலுக்குப் பெரும்பாலும் அவசியமே நேராது. கடைக்காரர் இரண்டையும் வைத்திருப்பார், கேட்பவர்தாம் குறைவு.

கட்டிய பின்னரும் ஒரு தொல்லை உண்டு. பூட்டுக்குப் பேர்போன ஊரில் இதைச் சொல்வது சற்றுச் சங்கடந்தான்: இத்தகைய கழிப்பறைகளைச் சுத்தம் கெடாமலிருக்க என்று பூட்டிச் சாவியைக் காவலரிடமோ கணக்கரிடமோ கொடுத்துவைப்பதும், கொஞ்ச நாளில் அவை பழைய நாற்காலிகள் அடுக்கும் அறைகளாகிவிடுவதும் நாடெங்கும் காணும் வழக்கம்.

அறை திறந்திருந்தால் மட்டும் போதாது, அங்கே போக வழியும் வேண்டும். அமெரிக்க நாட்டின் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழுள்ள விதிகள், பழைய கட்டடத்தின் முக்கியப் பகுதியை மாற்றுகிறவர், அங்கே செல்லும் வழியையும் அப்பகுதிக்கான கழிப்பறையையும் சேர்த்தே திருத்த வேண்டும் என்றும், அதற்கான செலவு மூல வேலைச் செலவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கு மேல் வற்புறுத்தலாகாது என்றும் வரம்பு கட்டுகின்றன. வழியைச் சேர்த்துச் சொன்னதே அதில் மெச்சத்தக்கது.

நம் நாட்டிலோ, 2025 ஜனவரி 15 அன்று ராஜீப் கலிதா வழக்கில், எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோருக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. திண்டுக்கல், பழனி, வேடசந்தூர், நிலக்கோட்டை நீதிமன்றங்களுக்கும் இது பொருந்தும். வாய்தாவுக்கு வந்து நாள் முழுதும் காத்திருக்கும் கட்சிக்காரர், வாசற்படியிலேயே தடைப்படுவாராயின், உள்ளே கட்டிய அறையால் அவருக்கு என்ன பயன்?

வாடகைக் கட்டடத்தில் தொழில் நடத்துவோர், இது சொந்தக்காரர் பாடு என்று தட்டிக்கழிக்க இயலாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு சேவை வழங்குவோரையே நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. 89-ஆம் பிரிவின்படி முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையிலும், அதன்பின் மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. ஆதலால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, தெருவாசல் தொட்டுப் பின்கட்டு வரை நாடா பிடித்து அளந்து, எந்தச் சுவரை உடைக்கலாம், செலவு யாருடையது என்பதை ஒப்பந்தப் பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம்.