வண்ணக் கண்ணாடி மெழுகுவர்த்தித் தாங்கிகள்: வாங்குமுன் அறிய வேண்டியவை

பழம்பொருள் கடையில் நீலமும் மஞ்சளுமாக ஒளிரும் கண்ணாடி மெழுகுவர்த்தித் தாங்கிகளைக் கண்டால் எவருக்கும் ஆசை எழும். நூற்றைம்பது ஆண்டுப் பழமை என்று கூறிக் கேட்கப்படும் விலை, நம் பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடக்கூடும். அந்தப் பழமையை நாமே ஓரளவு சோதித்தறிய முடியும்.

சேகரிப்போர் பெரிதும் விரும்புபவற்றுள் ஒரு வகை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சான்ட்விச் ஊரில் உருவானது. டெமிங் ஜார்வ்ஸ் 1825-இல் அங்கு நிறுவிய கண்ணாடி ஆலை 1888 வரை இயங்கியது. உருகிய கண்ணாடியை அச்சில் இட்டு, நெம்புகோலால் அழுத்தி வார்ப்பது அங்கு கையாளப்பட்ட முறை. தலைகீழாக நிற்கும் டால்பின், தன் வாலில் மெழுகுவர்த்திக் குழியைத் தாங்கி நிற்கும் வடிவம் அவ்வாலையின் புகழ்பெற்ற படைப்பு.

இத்தகைய தாங்கிகளை மதிப்பிடும்போது நிறத்தை மட்டும் நம்புவது ஆபத்தானது. கோபால்ட் சேர்த்தால் நீலமும், யுரேனியம் சேர்த்தால் பச்சை கலந்த மஞ்சளும் கிடைக்கும். யுரேனியக் கண்ணாடி புறஊதா ஒளியில் பச்சையாக மின்னும். அதைப் பழமைக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் அதே கண்ணாடி இன்றும் செய்யப்படுகிறது. மின்னுவது யுரேனியம் இருப்பதைக் காட்டுமேயன்றி வயதைக் காட்டாது.

இணைப்பையே முதலில் பார்க்க வேண்டும். சான்ட்விச் தாங்கிகள் பலவற்றில் குழியும் அடிப்பாகமும் தனித்தனியே வார்க்கப்பட்டு, சூடான கண்ணாடி வில்லை ஒன்றால் ஒட்டப்பட்டன. இதனால் மேற்பகுதி ஒரு நிறமாகவும் கீழ்ப்பகுதி வேறு நிறமாகவும் அமைந்த தாங்கிகளும் உண்டு. பிற்கால நகல்கள் பல ஒரே வார்ப்பாக இருக்கும். அடுத்து, அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பல்லாண்டுப் பயன்பாட்டுக் கீறல்கள் பல திசைகளில் ஒழுங்கின்றி ஓடும். உப்புத்தாளால் தேய்த்தவை ஒரே சீராகத் தெரியும். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்திற்காகச் செய்யப்பட்ட நகல்களில் 'எம்.எம்.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். அவற்றை எவரேனும் தேய்த்து அழித்திருந்தால், அவ்விடத்தின் வழவழப்பு மாறுபட்டிருக்கும். விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

நம் நாட்டில் வாங்குவோர் சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய கைவினைப் பொருள்கள் தொல்பொருள்களாகக் கருதப்படலாம். தொல்பொருள் வணிகம் செய்வோர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளுக்குப் பரிசளிக்க எண்ணுவோர் இதை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

எனவே பழமை, நிறம், பழுது ஆகியவற்றைக் குறிப்பிட்ட விலைச்சீட்டை எழுத்தில் கேட்டுப் பெறுவோம். அடிப்பாகத்தையும் இணைப்பையும் படமெடுத்து அதனுடன் வைப்போம். வீட்டுக் காப்பீட்டில் இப்பொருள் அடங்குமா என்றும் கேட்டறிவோம். பழமையை எழுதித் தர விற்பவர் தயங்கினால், பழமைக்கான விலையை நாம் தரவேண்டியதில்லை.